பள்ளிக் குப்பைக்கூடையிலிருந்து தொடங்குங்கள்: வடசென்னை ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் நாற்றம், கோடையில் அங்கே தீப்பிடித்தால் எழும் புகை, மழைநாளில் கேப்டன் காட்டன் கால்வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எருக்கஞ்சேரிப் பிள்ளைகள் இவற்றைப் பார்த்தே வளர்கிறார்கள். குப்பை கெட்டது என்று அவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் கிழித்துப் போட்ட கவர் மாலைக்குள் எங்கே போகிறது, யார் கையில் படுகிறது, எது மறுபடி பொருளாகும், எது ஆகாது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அதைக் கற்றுத்தரப் பள்ளிக் குப்பைக்கூடையே போதும். சார்ட் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன்

முதல் வாரம் வேலை ஆசிரியருக்குத்தான். மூன்று பேரைப் பார்த்துப் பேச வேண்டும். முதலில், உங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவரும் தூய்மைப் பணியாளர். வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் தனித்தனியாக வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். அடுத்து, பக்கத்துக் காயலான் கடைக்காரர். எதை எடுப்பார், எதை எடுக்கமாட்டார், குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் ஆள் அனுப்புவார் என்று விசாரியுங்கள். மூன்றாவது ஆள் சத்துணவுச் சமையலர். காய்த்தோல் எவ்வளவு, முட்டை ஓடு எவ்வளவு, சாதம் எந்த நாளில் அதிகம் மிஞ்சுகிறது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

இந்த மூன்று பதிலும் கையில் இல்லாமல் பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் கவனமாகப் பிரித்து வைத்ததை எட்டாவது நாள் யாரோ ஒரே கோணியில் கொட்டிக் கட்டுவதைப் பார்க்கும் பிள்ளை, அதற்குப் பிறகு எந்தத் தொட்டியையும் நம்பாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நம் வகுப்புகளில் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். காயலான் கடையில் தரம் பிரிக்கிறவர்களின் பிள்ளைகளும் கொடுங்கையூரில் பொறுக்கிப் பிழைக்கிறவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குப்பை பொறுக்குவதை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்கக்கூடாது. தாமதமாக வந்தவனைத் தாள் பொறுக்கச் சொல்லும் அந்த ஒரு நிமிடம், வருடம் முழுக்க நடத்திய பாடத்தை அழித்துவிடும். அதோடு, அந்த வேலையைச் செய்யும் அம்மாவின் மகளைக் கூனிக்குறுக வைக்கும். தொட்டி காலிசெய்யும் முறை வருகைப்பதிவேட்டின் வரிசைப்படி, ஆண் பெண் வேறுபாடின்றி, எல்லாருக்கும் வரட்டும். ஆசிரியர் பெயரும் அந்த வரிசையில் இருக்கட்டும். 'குப்பைக்காரர்' என்ற சொல் வகுப்பில் வந்தால் அங்கேயே திருத்துங்கள்: அவர் தூய்மைப் பணியாளர், பிள்ளைகளுக்கு அண்ணன் அல்லது அக்கா.

ஐந்து நாள் எடைக் கணக்கு

தேவையானவை: ஒரு பழைய தார்ப்பாய், கொக்கியோடு கூடிய கைத்தராசு, நான்கு சாக்கு, இரண்டு நீள இடுக்கி, ரப்பர் கையுறை, முகக்கவசம். வகுப்பறைக் கூடைகளை மட்டும் எடுங்கள். கழிவறைத் தொட்டி எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகள் கைக்கு வரக்கூடாது. உடைந்த கண்ணாடி, பிளேடு இருக்கிறதா என்று ஆசிரியர் முதலில் இடுக்கியால் கிளறிப் பார்த்த பிறகே பிள்ளைகள் உட்கார வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேலுள்ளவர்கள் பிரிக்கட்டும்; சிறியவர்கள் எண்ணட்டும், எழுதட்டும். முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும்.

தாள், தின்பண்டக் கவர், உணவு மிச்சம், பேனா முதலிய எழுதுபொருள், பெருக்கிய மண் தூசி, மற்றவை என ஆறு குவியல் போதும். ஒவ்வொன்றுக்கும் எடை, எண்ணிக்கை என இரண்டு கட்டம் போடுங்கள். இரண்டாவது கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதனால் கணக்கே தலைகீழாகிறது. ஐந்து ரூபாய் சிப்ஸ் கவர் வெறும் இரண்டு மூன்று கிராம்தான். எடையை மட்டும் பார்த்தால் மண்ணும் உணவும் முதலிடத்துக்கு வரும், கவர் கண்ணிலேயே படாது. எண்ணிப் பார்க்கும்போதுதான் ஒரு வகுப்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை கவர் என்பது முகத்தில் அறையும்.

கணக்குப் பாடத்துக்கும் இது தீனி. சதுர மீட்டருக்கு 80 கிராம் தரமுள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். அப்படியானால் ஒரு கிலோவுக்கு 200 தாள். நம் வகுப்பு இந்த வாரம் எறிந்த தாளில் பாதி ஒருபக்கம் வெள்ளையாக இருந்தது என்றால், அதில் எத்தனை நோட்டுப் போட்டிருக்கலாம்? பதிலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

தொட்டியும் அதன் பெயரும்

'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. தாள் மக்கும் என்று பிள்ளை சரியாகவே படித்திருக்கும். அதனால் அதை மக்கும் தொட்டியில் போடும். சாம்பார் பட்ட தாளைக் காயலான் கடைக்காரர் தொடமாட்டார். 'ஈரம்', 'உலர்' என்று எழுதினால் குழப்பம் பாதியாகக் குறையும். ஈரத்துக்குப் பச்சை, உலருக்கு நீலம்; தெருவில் பார்க்கும் நிறமும் அதுதான். எழுத்தோடு பொருளையும் ஒட்டுங்கள்: நீலத்தொட்டியில் நிஜமான கவர், பேனா மூடி, பால் கவர், பச்சையில் வாழைப்பழத் தோலின் படம். ஒன்றாம் வகுப்புக்கும் புரியும்.

வகுப்பறைக்குள் ஈரத்தொட்டி வேண்டாம். தாழ்வாரத்தில் இரண்டையும் ஒட்டி வையுங்கள். பத்தடி தள்ளி வைத்தால் கிட்டத்தில் இருப்பதில்தான் எல்லாம் விழும். வகுப்புக்குள் இரண்டு அட்டைப்பெட்டி மட்டும்: ஒன்று ஒருபக்கம் எழுதிய தாளுக்கு, இன்னொன்று இருபக்கமும் முடிந்த தாளுக்கு. தொட்டிக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்காதீர்கள். ஈரத்தொட்டியில் செய்தித்தாள் விரித்தால் போதும், அதுவும் சேர்ந்தே மக்கிவிடும்.

தீர்ந்த பேட்டரிக்கு மூடியுள்ள டப்பா ஒன்று தலைமையாசிரியர் அறையில் இருக்கட்டும். கைபேசி பேட்டரி உப்பியிருந்தால் பிள்ளைகள் தொடக்கூடாது, மற்றவற்றோடு சேர்க்கவும் கூடாது. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றித் தனித்தொட்டியில் போடுவதைப் பெண் ஆசிரியர் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

டிரம் உரம்

சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். ஒரு முட்டை ஓடு ஐந்தாறு கிராம் இருக்கும். 250 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளியில் ஓடு மட்டுமே நாளுக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். முட்டை ஓட்டை உர டிரம்மில் அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கோணியில் போட்டு மிதித்து நொறுக்கித் தனியாகச் சேமியுங்கள். அது சுண்ணாம்புச் சத்து. பிறகு உரத்தோடு கலந்துகொள்ளலாம்.

நாளுக்கு 3 கிலோ ஈரக்கழிவு என்றால் 200 லிட்டர் நீல டிரம் மூன்று தேவை. ஒன்று நிறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அடுத்த இரண்டும் நிறைவதற்குள் முதல் டிரம் பக்குவமாகிவிடும். காயலான் கடையில் பழைய டிரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இது மணலிப் பக்கம், ரசாயன டிரம்கள் நிறையப் புழங்கும் இடம். உள்ளே என்ன இருந்தது என்று லேபிளோடு காட்டினால் மட்டும் வாங்குங்கள். எண்ணெய், ஊறுகாய் போன்ற உணவுப்பொருள் வந்த டிரம்தான் நல்லது. லேபிள் கிழிந்ததும் வாடை அடிப்பதும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சுற்றிலும் 15 செ.மீ. இடைவெளியில் 10 மி.மீ. துளைகள் போடுங்கள். அடியில் எட்டுப் பத்துத் துளை இருந்தால் கசியும் நீர் இறங்கிவிடும். கீழ்வரிசைத் துளைகளுக்கு உள்பக்கமாகக் கம்பிவலை வைத்துக் கட்டாவிட்டால் பெருச்சாளி பிளாஸ்டிக்கைக் கடித்தே உள்ளே போகும். மூடிமேல் கல் வேண்டும். தண்ணீர் தேங்கும் வளாகமானால் டிரம்மைத் தரையில் வைக்காமல் ஹாலோ பிளாக் கல்மேல் ஏற்றி, கூரை உள்ள இடத்தில் நிறுத்துங்கள். ஐப்பசி மழையில் ஒரே இரவில் டிரம் ஊறினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் காற்றில்லாமல் செத்து, சாக்கடை நாற்றம் வந்துவிடும்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு. அதன்மேல் ஒரு வாளி பழைய உரம் அல்லது பக்கத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து மூன்று கிலோ சாணியைக் கரைத்து ஊற்றுங்கள். சாணி கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் புளித்த மோர். பிறகு நாள்தோறும் ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு நொறுங்கிய சருகு. எடையில் அல்ல, வாளிக் கணக்கில். வேம்பு, புங்கன் இலை அப்படியே மக்கும். பாதாம் இலை தடித்தது. மிதித்து நொறுக்காமல் போட்டால் தட்டுத்தட்டாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். ஒவ்வொரு முறையும் கடைசியாக மேலே விழுவது சருகாகவே இருக்க வேண்டும், ஐந்து செ.மீ.க்குக் குறையாமல். உணவு வெளியே தெரிந்தால் ஈ முட்டையிடும்.

சாம்பார் சாதம் கொஞ்சம் போகலாம். உப்பும் எண்ணெயும் இருப்பதால் மொத்தத்தில் கால்பங்குக்கு மேல் வேண்டாம், வடித்துவிட்டுப் போடுங்கள். எலும்பு, பால், பொரித்த எண்ணெய் கூடாது.

மூன்று நாளுக்கு ஒருமுறை கம்பால் அடிவரை கிளற வேண்டும். பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய சோதனை இரண்டுதான். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும்; ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. இரும்புக் கம்பியை நடுவில் ஐந்து நிமிடம் செருகி எடுத்து, முதலில் ஆசிரியர் தொட்டுப் பாருங்கள்: சூடாக இருந்தால் வேலை நடக்கிறது. நன்றாக ஓடும் டிரம்மின் நடுப்பகுதி 50 டிகிரியைத் தாண்டும்.

மூக்கே பெரிய கருவி. மூத்திர வாடை, அதாவது அமோனியா வந்தால் ஈரக்கழிவு கூடிவிட்டது, சருகு போடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை, வெளியே கொட்டி உதறி மறுபடி நிரப்புங்கள். வெள்ளைப் பூஞ்சை இழை நல்ல அறிகுறி. சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள்; கடிக்காது, கழிவை வேகமாகத் தின்னும். அலறும் பிள்ளைகளிடம் அதையே அறிவியல் வகுப்பாக்கிவிடுங்கள். ஆனால் வெள்ளைச் சிறுபுழு மேலே மொய்த்தால் சருகு மூடாக்கு போதவில்லை என்று பொருள்.

நிறைந்த பிறகு 60 நாள் ஓய்வு. வாரம் ஒருமுறை கிளறினால் போதும். முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் வந்து, சூடு அடங்கியதும் ஐந்து மி.மீ. சல்லடையில் சலியுங்கள். மேலே தங்குவது அடுத்த டிரம்முக்கு வித்து. பக்குவம் ஆயிற்றா என்று சந்தேகமானால், வெறும் மண்ணில் பத்து வெந்தயம், கால்பங்கு உரம் கலந்த மண்ணில் பத்து வெந்தயம் போட்டு நான்கு நாள் பாருங்கள். உரம் கலந்த மண்ணில் முளைப்பது குறைந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

மிதப்பதும் மூழ்குவதும்

பிளாஸ்டிக் ஒரே பொருள் அல்ல என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு வாளித் தண்ணீரில் காட்டிவிடலாம். தண்ணீர் பாட்டில், அதன் மூடி, ஷாம்பு பாட்டில், பால் கவர், வெட்டி எறிந்த பிவிசி பைப் துண்டு, படக்கென்று உடையும் வெள்ளை ஸ்பூன். எல்லாவற்றையும் ஒரு செ.மீ. துண்டுகளாக ஆசிரியர் வெட்டித் தர வேண்டும். வெட்டுமுன் அடியில் உள்ள முக்கோண எண்ணைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்: 1 என்றால் பெட் (தண்ணீர் பாட்டில் வகை), 2 கெட்டியான பாலிஎதிலீன், 3 பிவிசி, 4 மெல்லிய கவர் வகை, 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை.

தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சின்னத் துண்டின்மேல் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும். குச்சியால் ஒருமுறை அமுக்கி ஒரு நிமிடம் விடுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், அதன் மூடி மிதக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்டின் அடர்த்தி 1.38, மூடியின் பிளாஸ்டிக் ஒன்றுக்கும் கீழே. பாட்டிலையும் மூடியையும் சேர்த்து அரைத்தாலும் மறுசுழற்சி ஆலையில் தண்ணீர்த் தொட்டியே அவற்றைப் பிரித்துவிடுகிறது. அந்த ஆலையின் வேலையைத்தான் பிள்ளைகள் வாளியில் பார்க்கிறார்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 150 கிராம் உப்பைக் கரைத்தால், சாதாரண நீரில் மூழ்கிய வெள்ளை ஸ்பூன் மேலே வரும், பெட் அப்போதும் அடியிலேயே கிடக்கும். தெர்மாகோலை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் காற்று, விடை தவறும்.

அடுத்து சிப்ஸ் கவர். உள்பக்கம் வெள்ளியாக மின்னுவதைக் காட்டி, கையில் கசக்கி விடச் சொல்லுங்கள். அலுமினியத் தாள் கசங்கியே கிடக்கும், கவர் விரிந்துகொள்ளும். மெல்லிய உலோகப் பூச்சும் அச்சும் பல பிளாஸ்டிக் படலங்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரிக்கும் செலவு அதன் விலையைவிட அதிகம். அதனால்தான் காயலான் கடையில் அதற்கு விலை இல்லை. காகிதக் கப்பையும் இப்படித்தான் அம்பலப்படுத்த வேண்டும்: ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தோல் தனியாக வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடைப்பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் ஏன் இடம்பெற்றது என்பது அந்தத் தோலைக் கையில் பிடித்ததும் விளங்கும்.

விற்பது

காயலான் கடைக்குப் போவதை நோட்டுத்தாள், செய்தித்தாள், அட்டை, பாட்டில், பால் கவர் என்று தனித்தனிச் சாக்கில் கட்டுங்கள். கலந்திருந்தால் எல்லாவற்றுக்கும் மலிவான பொருளின் விலையே கிடைக்கும். பால் கவரைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். வெட்டும்போது மூலையைத் துண்டாக்காமல் தொங்கவிடப் பழக்குங்கள். அந்தச் சிறு முக்கோணம் தனியாக விழுந்தால் யார் கைக்கும் திரும்பி வராது, கால்வாய்க்குத்தான் போகும். ஈரத்தாளை எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் எடையில் கழிப்பார்கள். எனவே செப்டம்பர் முடிவதற்குள் ஒருமுறை விற்றுவிடுங்கள். பதிவேடுகளும் விடைத்தாள்களும் தலைமையாசிரியர் அனுமதியின்றிப் போகக்கூடாது. வந்த பணத்தைப் பலகையில் எழுதிவைத்து, என்ன வாங்கலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

பணம் வரத் தொடங்கியதும் ஒரு ஆபத்து வரும்: அதிகம் சேர்க்கும் வகுப்புக்குப் பரிசு என்று அறிவித்தால், பிள்ளைகள் வீட்டிலிருந்து நல்ல நோட்டைக் கிழித்துக்கொண்டு வருவார்கள், புதிதாக பாட்டில் வாங்குவார்கள். போட்டி வைப்பதானால் எந்த வகுப்பு இந்த மாதம் குறைவாக எறிந்தது என்று வையுங்கள். ஆரம்பத்தில் போட்ட எடைக் கணக்கை ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் திரும்பச் செய்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குறைப்பதற்கு வழி வாசலில்தான் இருக்கிறது. பெட்டிக்கடை அக்காவிடம் பேசி, கவரில் வராததை முன்னால் வைக்கச் சொல்லுங்கள்: வேகவைத்த கடலை, கொய்யா, மாங்காய்ப் பத்தை, பாட்டிலில் இருக்கும் கடலை மிட்டாய். அவர் பிழைப்பைக் கெடுக்கும் பேச்சு வேண்டாம். கடையோரம் ஒரு தொட்டி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாலே பாதி வெற்றி. சிப்ஸ் கொண்டுவந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள், காலையில் வீட்டில் அடுப்பு எரியாததால் அதை வாங்கியிருக்கலாம். பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு சாக்லேட் தருவதற்குப் பதிலாக வகுப்பே சேர்ந்து வாழ்த்துப் பாடலாம். புத்தகம் வாங்கித் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் இல்லாத வீட்டுக்கு அது சுமை. பேனாவில் ரீஃபில் மாற்றப் பழக்குவது எளிது. ஒரு மாதத்தில் வகுப்பு எறிந்த பேனாக்களை ஒரு கண்ணாடிச் சாடியில் சேர்த்து மேசைமேல் வைத்தால் மற்றதைச் சாடியே பேசும்.

ஏப்ரலில் மறக்கக்கூடாதவை

தேர்வு முடியும் வாரத்தில் எல்லா நோட்டிலும் எழுதாத பக்கங்களைக் கிழித்தெடுங்கள். 40 தாள் அடுக்கி, முதுகில் ஒரு செ.மீ. உள்ளே தள்ளி மூன்று துளை போட்டு, ஊசிநூலால் நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சுப் போட்டால் ஜூனில் ஆளுக்கொரு ரஃப் நோட்டு தயார். ஸ்டேப்லர் முள் துரு ஏறித் தாளை அரிக்கும், அதனால் நூலே நல்லது.

டிரம்முக்குக் கடைசி ஈரக்கழிவு ஏப்ரல் முதல் வாரத்தோடு நிற்க வேண்டும். மே வெயிலில் உள்ளே காய்ந்து வேலை நின்றுவிடும் என்பதால், மேலே ஈரக்கோணி போட்டு மூடி, வாரம் ஒருமுறை அரைவாளித் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். பள்ளிக் காவலரிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமோ பொறுப்பைக் கொடுத்து, தேதிகளை டிரம்மின்மேலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.